முகத்தை விட்டுப் பிரிந்த குரல்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய 1931-ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கதாநாயகன் என்றாலே பாடகன் என்றுதான் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பாடத் தெரியாதவர் திரையில் நகைச்சுவை செய்யலாம், வில்லனாக வரலாம், அரசவையில் ஓரமாக நிற்கலாம். படத்தைத் தாங்கும் இடம் மட்டும் அவருக்குக் கிடைக்காது. 1950-களின் நடுப்பகுதிக்குள் இந்த விதி முழுவதுமாகத் தலைகீழாயிற்று. திரையில் தோன்றும் முகம் ஒருவருடையதாகவும் அதிலிருந்து எழும் பாட்டு வேறொருவருடையதாகவும் ஆகி, அந்த ஏற்பாட்டை யாரும் வியக்காத நிலையும் வந்துவிட்டது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பாடகர்கள் சிலரின் வாழ்க்கை உயர்ந்ததும் சரிந்ததும் பெரும்பாலும் அவர்களுடைய தனிப்பட்ட விதியாகவே சொல்லப்பட்டு வருகின்றன. உண்மையில் குரலும் முகமும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும் என்ற தேவை நீங்கியதுதான் அந்த ஏற்ற இறக்கங்களுள் பலவற்றுக்கு அடிப்படைக் காரணமாகத் தோன்றுகிறது.

அந்தத் தேவை நாடக மேடையிலிருந்து வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்கள் உரையாடலை விடப் பாட்டையே நம்பி நின்றவை. அவற்றை நடத்தியவை இருவகை அமைப்புகளாகும். முதல் வகை, சிறுவர்களைச் சேர்த்து உணவும் இடமும் தந்து பயிற்றுவித்த பாய்ஸ் கம்பெனிகள். மற்றது, வெவ்வேறு ஊர்களிலிருந்து ராஜபார்ட் எனப்பட்ட கதாநாயக நடிகரையும் ஸ்திரீபார்ட் எனப்பட்ட கதாநாயகி நடிகரையும் தனித்தனியே அமர்த்தி, ஒத்திகை எதுவுமின்றி ஒரே இரவுக்கு மேடையேற்றும் ஸ்பெஷல் நாடகம். ஒத்திகையில்லாத மேடையில் இரு நடிகர்கள் எதிரெதிரே நின்று பாட்டிலேயே வாதாடும்போது, யாருடைய குரல் மேலே நிற்கிறது என்பதைப் பார்க்கவே கூட்டம் விடியும்வரை அமர்ந்திருந்தது.

ஒலிபெருக்கி பரவாத காலமாகையால், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனையும் எட்டும் குரல்தான் குரலாக மதிக்கப்பட்டது. ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் வழக்கில், ஆண்கள் கச்சேரியில் ஒன்று அல்லது இரண்டு கட்டையில் பாடுவது இயல்பு. பெண்குரலுக்கு ஐந்து கட்டை பொருந்தும். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா ஐந்து கட்டைக்கு மேல் நின்று அனாயாசமாகப் பாடியவர் என்பதே அவருடைய புகழின் முதற்காரணம். கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயில்களில் பாடியதாகச் சொல்லப்படும் கே. பி. சுந்தராம்பாள் அதே சுருதியில் அவருக்கு ஈடுகொடுத்தார். இலங்கையில் தொடங்கிய இவர்களுடைய மேடைத்துணை வாழ்க்கைத்துணையாகவும் மாறியது. ஆயினும் கிட்டப்பா 1933-இல், தமது இருபத்தேழாம் வயதில் இறந்தார். பேசும்படம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும் அவர் ஒரு படத்திலும் நடிக்காததால், அவருடைய பாட்டு இசைத்தட்டுகளில் மட்டுமே மிஞ்சியது.

பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்கு வேறொரு அச்சம் இருந்தது. பருவ வயதில் ஆண்குரல் உடைந்து கரகரப்பதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். அதுவரை கம்பெனியின் செல்லப்பிள்ளையாக இருந்தவன் அந்த ஓராண்டில் வேலையற்றவனாகிவிடுவான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழ்பெற்றிருந்த புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா இந்தக் கண்டத்தில் சிக்கிக் கம்பெனியை விட்டு விலகி, சாதகம் செய்து குரலை மீட்டதோடு, குஸ்தி, சிலம்பம் என்று உடற்பயிற்சிகளிலும் தேறித் திரைக்கு வந்தார். அதே கம்பெனியில் இருந்த இன்னொரு சிறுவரான எம். ஜி. ராமச்சந்திரனுக்குப் பாட்டால் பெயர் வரவில்லை. இவ்விருவரில் முன்னவர் 1940-இல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேடமேற்று உச்சிக்குப் போய்விட்டபோது, பின்னவர் இன்னும் சிறு வேடங்களில்தான் வந்துகொண்டிருந்தார். அந்த வரிசை பின்னர் எப்படி மாறியது என்பதற்குக் குரலைப் பற்றிய கதையே விடை தரும்.

மேடையிலிருந்து திரைக்கு வந்த பாட்டு முதலில் சற்றும் சுருங்கவில்லை. 1934-இல் வெளிவந்த பவளக்கொடியில் ஐம்பதையொட்டிய பாடல்கள் இருந்தன. தொடக்ககாலப் படப்பிடிப்பில் படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாயின. நடிகர் கேமராவுக்கு முன்னால் நடித்துக்கொண்டே உண்மையாகப் பாட வேண்டும். ஆர்மோனியமும் பிடிலும் தபலாவும் சட்டகத்துக்கு வெளியே ஒளிந்திருந்து வாசிக்க வேண்டும். மைக் எங்கே இருக்கிறதோ அதை விட்டு நடிகர் விலகக் கூடாது. காதலனும் காதலியும் நந்தவனத்தில் அசையாமல் நின்றே பாடினார்கள் என்று பிற்காலத்தார் நகைப்பதுண்டு. அவர்கள் நடிக்கத் தெரியாமல் நின்றவர்கள் அல்லர், தலைக்கு மேலிருந்த மைக்குக்குக் கட்டுப்பட்டு நின்றவர்கள்.

இப்படிப்பட்ட தொழிலில் பாடத் தெரிந்தவரின் விலை ஏறியதில் வியப்பில்லை. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் வெள்ளைக் கதராடை உடுத்தி, ஆண்களுடன் இணைந்து நடிப்பதில்லை என்று ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935-இல் பக்த நந்தனாருக்கு அழைத்து வர ஒரு லட்சம் ரூபாய் தரப்பட்டது. அவர் ஆண்வேடமான நந்தனாராகவே நடித்தார். கர்நாடக இசை வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக வந்தார். தொடர்ந்து முசிறி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாகவும் (1938), ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் (1940), தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும் (1942) திரையில் தோன்றினர். கச்சேரி மேடையின் பெருமை திரையிலும் காசாகும் என்ற கணக்கு இது. வித்துவான்கள் பாடியபோது மக்கள் கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவர்கள் விறைத்து நின்றதையும் பார்த்தார்கள். நால்வருள் ஒருவரும் திரையைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி மட்டும் சேவாசதனம் முதல் மீரா வரை நான்கு படங்களில் திரையை முழுவதுமாகத் தன்வசப்படுத்தினார். தமிழ் மீராவுக்கும் (1945) அதன் இந்தி வடிவத்துக்கும் பிறகு, புகழின் உச்சியிலேயே நடிப்பை விட்டுவிட்டுக் கச்சேரிக்குத் திரும்பினார்.

மேடையின் உயரமும் கச்சேரியின் நுட்பமும் ஒருவரிடத்தில் கூடி வந்தது எம். கே. தியாகராஜ பாகவதரிடம்தான். மாயவரத்தில் 1910-இல் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த அவர், எப். ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சனி சபா நாடகத்தில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாகச் சிறுவயதில் மேடையேறினார். பின்னர் எஸ். டி. சுப்புலட்சுமியோடு அவர் நடித்து வந்த பவளக்கொடி நாடகமே, கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் அவருடைய முதல் படமாயிற்று. 1937-இல் வெளிவந்த சிந்தாமணி ஈட்டிய லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு திரையரங்கு எழுந்தது. அதே ஆண்டின் அம்பிகாபதி, பின்வந்த திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி ஆகியவற்றால், பாபநாசம் சிவன் எழுத ஜி. ராமநாதன் முதலியோர் இசையமைக்கப் பாகவதர் பாடுவது என்பது தானே ஒரு தனி வகைப் படமாக நிலைபெற்றது. அவருடைய தோள்வரை புரளும் கேசம் இளைஞர்களின் தலையில் ஏறியது. அவர் பயணம் செய்யும் ரயில்நிலையங்களில் கூட்டம் திரண்டது. கடினமான ராகத்தை நாலு நிமிடத்துக்குள் அடக்கி, அதன் சாயல் கெடாமல் தெருவில் போகிறவனும் முணுமுணுக்கக்கூடிய வடிவில் தந்ததுதான் அவருடைய தனித்திறன். அதை நடிப்பாற்றலோடு சேர்த்து எண்ணிக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. நடிகராக அவர் நடுத்தரமானவரே.

ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடம் தராத, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுக்கும் இந்தச் சுருக்கத்தில் பெரும்பங்கு உண்டு. விடியவிடிய நாடகத்தில் ஒரே அடியைப் பத்து விதமாகப் பாடிய குரல்கள், தட்டுக்காகப் பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் கொண்ட சின்ன உருவுக்குள் நுழையப் பழகின. அவ்வாறு பழகியவர்களே திரைக்கும் பொருந்தினார்கள்.

1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அதன் கதாநாயகன் அவற்றில் முதலாவதை மட்டுமே வெளியில் இருந்து கொண்டாடினார். நடிகர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறு எழுதி வந்த இந்துநேசன் பத்திரிகையின் லட்சுமிகாந்தன் அந்த நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி ஆயுள்தண்டனை பெற்றனர். அன்றைய இந்திய நீதிமன்றங்களுக்கு மேலிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையாயினர். சிறையில் கழிந்தவை ஏறக்குறைய முப்பது மாதங்கள். பாகவதர் நடிக்க ஒப்பியிருந்த படங்கள் இதற்குள் கைநழுவிவிட்டன.

சிறைதான் பாகவதரைக் கவிழ்த்தது என்பது தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நம்பும் கதை. இரக்கத்துக்கு உகந்த கதையுமாகும். ஆனால் அதே வழக்கில், அதே காலம் சிறையிலிருந்த கிருஷ்ணன் வெளியே வந்ததும் நல்லதம்பி, மணமகள் என்று படங்களெடுத்து, முன்னிலும் அதிகச் செல்வாக்கோடு 1957-இல் இறக்கும்வரை தொழிலில் நின்றார். ஒரே கதவால் உள்ளே போய் ஒரே கதவால் வெளியே வந்த இருவரில் ஒருவர் எழுந்தும் மற்றவர் விழுந்தும் போனதற்குச் சிறையை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. பாகவதருடைய மனம் ஒடிந்திருந்தது, நீரிழிவு அவர் உடலையும் பின்னர்ப் பார்வையையும் தின்றது என்பவை மெய்யே. ஆனால் 1948-இல் ராஜமுக்தியோடு அவர் திரும்பி வந்த திரையுலகம் 1944-இல் அவர் விட்டுப்போன திரையுலகமாக இல்லை.

மாற்றத்துக்கு முதல் தள்ளுதல் உலகப் போரிலிருந்து வந்தது. கச்சாப்பிலிம் தட்டுப்பாட்டால், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் நீளக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் கதையைச் சொல்லியாக வேண்டியபோது நாற்பது பாட்டுக்கு இடமேது? பாட்டின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. போர் முடிந்த பின்னும் அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இடைவெளியை உரையாடல் நிரப்பியது. அண்ணாதுரையின் வேலைக்காரி (1949), மு. கருணாநிதி வசனம் எழுதிய மந்திரிகுமாரி (1950), பராசக்தி (1952) ஆகியவை, மக்கள் மனப்பாடம் செய்யும் பொருளைப் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாற்றின. நாலு நிமிடம் பாடி அழவைத்த இடத்தில் இப்போது நாலு நிமிடம் பேசிக் கைத்தட்டல் வாங்கினார்கள். பராசக்தி வந்த அதே 1952-இல்தான் பாகவதரின் அமரகவியும் சியாமளாவும் வெளிவந்து தோற்றன என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை எவ்வளவு தூரத்துக்கு வேறுவேறு காலத்துப் பொருள்கள் என்பது விளங்கும்.

இரண்டாவது மாற்றம் பின்னணிப் பாடல். பாட்டை முன்னதாக ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிந்துகொண்டு, படப்பிடிப்பின்போது ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, நடிகரை அதற்கேற்ப வாயசைக்கச் செய்வது இம்முறை. தொடக்கத்தில் பாடியவரும் அசைத்தவரும் ஒருவராகவே இருந்தார். பாடும்போது நடிக்க வேண்டிய தொல்லை தீர்ந்ததே அப்போதைய பயன். ஆனால் ஒலியும் உதடும் தனித்தனியாகப் பதிவாகலாம் என்றான பின், அவை தனித்தனி ஆட்களுடையவையாக இருந்தால் என்ன என்ற கேள்வி எழாமல் இராது. ஏ. வி. மெய்யப்பன் 1938-இல் தயாரித்த நந்தகுமார் படத்தில் தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியதைத் தமிழின் முதல் பின்னணிப் பாடல் என்பார்கள். ஏழாண்டுக்குப் பின் அவரே எடுத்த ஸ்ரீவள்ளியில் (1945) சோதனை இன்னும் துணிச்சலானது. கதாநாயகி ருக்மணியின் பாட்டு நிறைவளிக்கவில்லை என்று கருதிய மெய்யப்பன், படம்பிடித்தான பிறகு பி. ஏ. பெரியநாயகியை அழைத்து, திரையில் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்த உதடுகளுக்குப் பொருந்தப் பாடவைத்து, ஒலித்தடத்தை மாற்றினார். வழக்கமான முறையை விடக் கடினமான இந்த வேலையை மக்கள் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். படம் பெருவெற்றி பெற்றது. குரலும் முகமும் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி வந்தவர்கள் பார்வையாளர்கள் அல்லர் என்பது அன்று தெரிந்துபோயிற்று.

தொழில்நடத்தும் கணக்கில் இதன் விளைவு பெரிது. பாடும் நடிகர் எத்தனை படங்களில் உடல்வருந்தி நடிக்க முடியுமோ அத்தனை படங்களில்தான் அவருடைய பாட்டும் விற்கும். பாகவதர் தம் வாழ்நாளில் நடித்தவை, இறந்தபின் வெளியான சிவகாமியையும் சேர்த்துப் பதினான்கே படங்கள். பின்னணிப் பாடகருக்கோ காலையில் ஒரு கதாநாயகிக்கும் மாலையில் இன்னொருத்திக்கும் பாட இயலும்; அடுத்த நாள் தெலுங்கிலும் பாடலாம். 1950-களின் தொடக்கத்தில் திரைக்கு வந்த விஜயநகரத்துப் பி. சுசீலாவை மெய்யப்பனின் ஏவி.எம். நிறுவனம் மாதச் சம்பளத்தில் அமர்த்தித் தமிழ் உச்சரிப்புக்கு ஆசிரியரையும் வைத்தது. அவர் ஆறு மொழிகளில் பாடிய 17,695 பாடல்களைக் கணக்கிட்டு 2016-இல் கின்னஸ் நிறுவனம் சாதனையாகப் பதிந்தது. முகத்துக்கு வயதாவதுபோல் பதிவான குரலுக்கு விரைவில் வயதாவதில்லை என்பதால், தொழிலின் நீளமும் கூடியது.

புதிய முறைமையில் ஆண்குரலின் மையமாக வந்தவர், பாகவதரைப் போலவே ஒலித்ததால் முதலில் கவனிக்கப்பட்டவர் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்த டி. எம். சௌந்தரராஜன் காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் இசை பயின்று, கச்சேரிகளில் பாகவதர் பாடல்களைப் பாடிக் கைத்தட்டல் வாங்கியவர். 1950-இல் வந்த கிருஷ்ண விஜயத்தில் அவருடைய முதல் திரைப்பாடலும் அந்தச் சாயலிலேயே அமைந்தது. பாகவதர் உயிரோடும் பாடும் நிலையோடும் இருக்கையில் அவரைப் போலப் பாடும் இன்னொருவருக்கு வேலை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். சௌந்தரராஜனுக்கு வேண்டியது கதாநாயகன் பதவியன்று. பாடத்தெரியாத கதாநாயகர்கள் இருவர் போதும். 1954-இல் அந்த இருவரும் கிடைத்தார்கள். பராசக்தியில் சிவாஜி கணேசனுக்குச் சிதம்பரம் எஸ். ஜெயராமன் பாடியிருக்க, தூக்குத்தூக்கியில் அந்த வாய்ப்பு சௌந்தரராஜனுக்கு வந்தது. அதே ஆண்டு மலைக்கள்ளனில் எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் பாடினார். தூக்குத்தூக்கிக்கு இசையமைத்தவர், பாகவதரின் சிவகவிக்கும் ஹரிதாஸுக்கும் இசையமைத்த அதே ஜி. ராமநாதன். பழைய கதாநாயகனுக்கு மெட்டமைத்துத் தேர்ந்த கை, அந்த மெட்டின் வீச்சைக் குறைக்காமல் வேறொருவர் உதட்டில் பொருத்தக் கற்றுக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டால் எடுபடாத சிறுவர் தமிழ்த்திரையின் முதன்மை நட்சத்திரங்களில் ஒருவராக இந்த வழியாகவே வந்தார். சின்னப்பாவோ 1951-இல், முப்பத்தைந்து வயதில், இந்த மாறுதலின் முழு விளைவையும் காணாமலே இறந்துவிட்டார்.

சௌந்தரராஜனின் திறமை உரத்த குரலில் மட்டும் அடங்கியதன்று. சிவாஜிக்குப் பாடும்போது நெஞ்சிலிருந்து எழும் கனத்த ஒலியையும், எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது சற்று இலேசாக்கி முன்னுக்குத் தள்ளிய ஒலியையும் அவர் கையாண்டார் என்பதை, படம் தெரியாமல் பாட்டை மட்டும் வானொலியில் கேட்ட மக்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். மேடைக்காலத்தில் பாடகர் தம் குரலை நிலைநாட்ட வேண்டியிருந்தது. இப்போது பாடகர் தம் குரலை இன்னொருவர் தோற்றத்துக்குள் கரைக்க வேண்டியிருந்தது. ஒலிவாங்கி மிக அருகில் வந்துவிட்டதால் ஐந்து கட்டைக்கு அவசியம் இல்லாமல் போனது. மெல்லியதும் நெருங்கியதுமான குரலுக்கு முதன்முறையாக மதிப்பு வந்தது. ஏ. எம். ராஜாவும் அவருக்குப் பின் பி. பி. ஸ்ரீநிவாஸும் ஜெமினி கணேசனுக்குப் பாடிய மென்மையை ஸ்பெஷல் நாடகக் கொட்டகையில் நாலாவது வரிசைக்கு அப்பால் யாரும் கேட்டிருக்க முடியாது.

பழைய முறையிலிருந்து வந்தவர்களில் தாக்குப்பிடித்தவர்கள் சிலரே. பி. பானுமதி நடிகை, தயாரிப்பாளர், இயக்குநர், ஸ்டூடியோ உரிமையாளர் என்று தாமே ஒரு நிறுவனமாக இருந்ததால், தம் முகத்துக்கு வேறு குரல் வராமல் பார்த்துக்கொள்ள அவரால் முடிந்தது. ஜே. பி. சந்திரபாபு, நகைச்சுவை நடிகருக்கு உரிய சுதந்திரத்தில், மேல்நாட்டுப் பாணியைத் தம் குரலிலேயே பாடி வந்தார். ஸ்ரீவள்ளியின் நாயகனான டி. ஆர். மகாலிங்கத்தின் வழி கரடுமுரடானது. சோழவந்தானுக்கு அருகில் தென்கரையில் பிறந்த அவர் சிறுவயதிலேயே நந்தகுமாரில் அறிமுகமாகி, நாம் இருவர் (1947) படத்தின் வெற்றியில் உச்சம் கண்டு, சொந்தப்படங்கள் எடுத்துப் பொருளிழந்து, 1958-இல் கண்ணதாசன் எடுத்த மாலையிட்ட மங்கையில் மீண்டு வந்தார். அதன் பின்னும் சமூகப்படக் கதாநாயகராக அவர் நிலைக்கவில்லை. அவருக்கு இடம் கிடைத்தது புராணப்படத்தில். அதுவும் பாடகராக நடிக்கும் வேடத்தில்.

1965-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கி, கே. வி. மகாதேவன் இசையமைத்த திருவிளையாடலைப் பக்திப்படமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தமிழ்த் திரைப்பாட்டின் வரலாற்று ஆவணமாகவும் பார்க்க இடமுண்டு. பாண்டிய நாட்டின் மேல் இசைச்சவால் விடும் ஹேமநாத பாகவதர், அவரை எதிர்க்கத் தயங்கும் ஏழைப் பாடகர் பாணபத்திரர், அவருக்காக விறகுவெட்டியாக வந்து பாடும் சிவபெருமான் என்று அதன் ஒரு பகுதி முழுவதும் பாட்டுப்போட்டியே. ஹேமநாதராக டி. எஸ். பாலையா ஆணவத்தை அள்ளி வீச, குரலைத் தந்தவர் கச்சேரி மேடையின் பாலமுரளிகிருஷ்ணா. சிவனாகச் சிவாஜி கணேசன் உதட்டையும் கழுத்து நரம்பையும் அசைக்க, குரலைத் தந்தவர் சௌந்தரராஜன். பாணபத்திரராக மகாலிங்கம் தம் குரலிலேயே பாடினார். ஔவையாராக வந்த சுந்தராம்பாளும் அவ்வாறே. கதைப்படி பாணபத்திரர் தம் திறமையின்மேல் ஐயம் கொண்டு கோயிலில் முறையிட, அவருக்குப் பதிலாக வேறொருவர் பாடிப் போட்டியை முடித்துவைக்கிறார். அந்த வேடத்தை, பாடும் கதாநாயகர்களின் கடைசிக்கொழுந்தான மகாலிங்கத்திடம் கொடுத்தது தற்செயலா, நாடகக்காரரான நாகராஜனின் குறும்பா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பின்னணிப் பாடகருக்கு இழப்பே இல்லை என்றும் எண்ண வேண்டியதில்லை. பணமும் நீண்ட தொழிலும் கிடைத்தாலும், தாம் பாடிய பாட்டை மக்கள் நடிகரின் பெயரால் அழைப்பதை அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது; எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றுதான் இன்றும் வானொலி நேயர்கள் கேட்கிறார்கள். புகழின் உச்சத்திலிருந்த சௌந்தரராஜனே பட்டினத்தாராகவும் (1962) அருணகிரிநாதராகவும் (1964) திரையில் தோன்றி நடித்தார். இரண்டும் பாடிக்கொண்டு திரியும் துறவியர் வேடங்கள். சீர்காழி கோவிந்தராஜனும் 1972-இல் அகத்தியராகத் தம் முகத்தைக் காட்டினார்; அப்படத்தில் மகாலிங்கம் நாரதர். பாடுபவர் பாடுவதாகவே தோன்றும் கதைகள் புராணத்திலும் அடியார் வரலாற்றிலும் மட்டுமே எஞ்சியிருந்ததால், பாடகர் நடிக்க விரும்பினால் காவியோ விபூதியோ பூண்டாக வேண்டியிருந்தது. இவ்வேடங்களுக்குப் பிறகும் சௌந்தரராஜன் ஒலிப்பதிவுக்கூடத்துக்கே திரும்பினார்.

சுந்தராம்பாளின் நீடிப்பு இவர்கள் எல்லோருடைய கதையிலிருந்தும் விலகி நிற்கிறது. கதாநாயகி வேடம் தமக்கு இல்லை என்று இருபத்தைந்து வயதிலேயே தீர்மானித்துவிட்ட அவருக்கு, இளமைத் தோற்றம் போய்விடுமே என்ற கவலை இருக்கவில்லை. ஔவையார் (1953) தொடங்கிப் பூம்புகாரின் கவுந்தியடிகள் (1964) வரை, முதுமையே தகுதியாகும் வேடங்களில் அவர் அந்தப் பழைய கொட்டகைக் குரலைக் குறைக்காமல் பயன்படுத்தினார். மைக் அருகில் வந்த காலத்திலும் அவர் அதிலிருந்து தள்ளி நின்று பாடுபவர் போலவே ஒலித்தார். மற்றவர்களிடம் பழமையாகத் தோன்றியிருக்கக்கூடிய அது அவரிடம் கம்பீரமாயிற்று. காங்கிரஸ் மேடைகளில் பாடியதன் தொடர்ச்சியாக 1958-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிரிவு 1968-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கிற்று. முதல் விருது உயர்ந்த மனிதன் படப்பாடலுக்காகச் சுசீலாவுக்குப் போனது; தம் முகத்தைத் திரையில் காட்டாமல் மற்ற முகங்களுக்குப் பாடியே வளர்ந்த தலைமுறையின் முதன்மைக் குரலுக்கு அது உரியதே. மறு ஆண்டு அந்தப் பின்னணிப் பாடகி விருதைப் பெற்றவர், துணைவன் படத்தில் பாடியதோடு அதில் நடித்தும் இருந்த, அறுபதைக் கடந்த கே. பி. சுந்தராம்பாள்.